நைனா என்ற சொல்

எழுபத்தி நாலில் என் கடைசி மகள் அம்சா, சர்க்கார் பயிற்சி நிலையத்தில் தையல் டீச்சர் வேலைக்குப் பேட்டிக்குப் போனாள். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார்கள். "நைனா தறி நெய்றாருங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் வேலை போயிற்று. அதிகாரி தெற்கத்திக்காரர். நைனா என்றால் தெலுங்குதான் என்று முடிவு கட்டி, 'வீட்டு மொழி வேறு' என்று எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் பொதட்டூர்பேட்டையில் தமிழ் பேசுகிற வீட்டிலும் அப்பனை அப்படித்தான் கூப்பிடுவோம். அது அவருக்கு எங்கே தெரியும்?

வக்கீல் ராஜவேலு திருத்தணி கோர்ட்டில் கேஸ் போட்டார். வக்கீல், ஜட்ஜ் எவரையும் நான் நம்புகிறவன் இல்லை. ராஜவேலுவுக்குத் தெரியாமல் அம்சாவிடம், கேஸ் முடிகிறவரை என்னை அப்பா என்றே கூப்பிடு என்று சொல்லிவைத்தேன்.

விசாரணையில் எதிர் வக்கீல் கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசினார். சாதி, மதம், ஆண் பெண், பிறந்த ஊர் இதையெல்லாம் பார்த்து வேலையை மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த வரிசையில் மொழி இல்லை என்றார். பிறப்பை மாற்ற முடியாது, பேச்சை மாற்றிக்கொள்ளலாமே என்றார். பிறகு கூண்டில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பெரியவரே, அப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்தா தீர்ந்துபோச்சு. முடியாதா?"

"சொல்லிக் குடுத்துட்டுத்தாங்க வந்தேன்" என்றேன். ராஜவேலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில ரயில்வே கேட்டாண்ட, எம் பொண்ணு பின்னால அப்பா அப்பான்னு கத்திகினே வந்துது. யாரோ யாரையோ கூப்பிட்றாங்கன்னு நான் பாட்டுக்குப் போய்கினு இருந்தேன். ரயில் வருதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்குது. கேட்காரன் சட்டையப் புடிச்சு இழுத்தான். வாய மாத்திக்கலாங்க. காத எப்டி மாத்தறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மதத்தைக்கூட ஒருவன் மாற்றிக்கொள்ளலாம், அதைச் சட்டம் காப்பாற்றவில்லையா என்று எதிர் வக்கீலைக் கேட்டார்.

மொழி அந்த வரிசையில் இல்லைதான் என்று ஜட்ஜ் தீர்ப்பிலும் சொன்னார். ஆனால் இந்த வார்த்தை அவளுக்கு இந்த ஊரில் பிறந்ததால் வந்தது. அதற்காகத் தள்ளினால் பிறந்த ஊருக்காகத் தள்ளியதுதான் என்றார். வேறு அதிகாரிகள், தையலை மட்டும் பார்த்து, மறுபடி பேட்டி நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதையும் நம்பாமல், பேட்டி நடந்த அறை வாசலிலேயே போய் உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கையை வெட்டித் தைத்துக் காட்டி, வேலையோடு வெளியே வந்தாள் அம்சா. வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.