சிக்னலில் இறங்கியவள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்தச் சின்னக் கார் சாம்பல் நிறமா, வெளிர்நீலமா, இப்போது சொல்லத் தெரியவில்லை. கிழமையும் குழம்புகிறது. எனக்குத் தெரிந்த ஒருவருடைய மனைவி அதிலிருந்து நடுச்சாலையில் இறங்கியது மட்டும் நிச்சயம்.

அவர் பல்செட் செய்து பிழைப்பவர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு கார் வாங்கியிருந்தார். அப்போதே அது கிழடு. வீட்டுக்குக் கீழே ஒரு கார் நிற்கத்தான் இடம். வெளிநாட்டுக்குக் கிளம்பிய மைத்துனன் தன் சின்னக் காரை அக்காவுக்கென்று கொண்டுவந்தபோது, இரண்டில் ஒன்று போயாக வேண்டியதாயிற்று.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க அத்தான்."

"இது காரா? சோப்பு டப்பா. கதவைச் சாத்தினா சத்தமாவது வருதா?"

"உங்களுதைச் சாத்தினா கைப்பிடியே கையோட வருதே!"

அக்கா சிரிக்கவில்லை. பள்ளி நூலகத்தில் நாளெல்லாம் நின்ற கால்களை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "எதுவா இருந்தா என்ன, போய்ச் சேரணும்" என்றாள்.

வாரம் முழுக்க அவர் மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே தன் பல்செட் பட்டறைக்கு அதை ஓட்டினார். பழையதில் சோபா மாதிரி இருக்கை. இதில் முழங்கால் இடித்தது. இது விரல் பட்டதும் கிளம்பியது. பழையதைக் கெஞ்ச வேண்டும். ஆனாலும் மனசு பழையதன் பக்கமே சாய்ந்தது. நின்றால்தான் என்ன, தள்ளினால் ஓடிவிடுமே. தள்ளுவது யார் என்று அவர் யோசித்ததில்லை.

ஏழாம் நாள் மாலை மழை. மனைவியை நூலகத்திலிருந்து அழைத்து வரப் போனார். அவள் அதில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஏறியதும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். சிக்னலில் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் பேச்சுமூச்சில்லாமல் அடங்கியது. நின்றால் தானே அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே கிளம்பும் வகை அது. அவருக்குப் பழகிவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் காலில் நுழைத்து, கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போனாள். இரண்டு கைகளையும் காரில் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தாறு வருடப் பழக்கம். எங்கே கை வைப்பது என்று தேடக்கூட இல்லை.

"கிளட்சை மிதிச்சுக்கோங்க, தள்ளப்போறேன்!"

அவர் கண்ணாடியை இறக்கினார். "இதுல கிளட்சே இல்ல. வந்து ஏறு. அதுவே கிளம்பிடும்."

பச்சை விழுந்து, பின்னால் ஹாரன்கள் கத்தின. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தாள். நனைந்திருந்தாள்.

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையே."

"என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

வீடு வந்து சேர்ந்தார்கள்.

மழை விட்டதும் அவர் கீழே போய், பழைய காரைத் தனியாளாகத் தெருவுக்குத் தள்ளினார். பாதியில் மூச்சு வாங்கியது. பானெட்டில் சாய்ந்து நின்றார். மாடியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வரவில்லை.

பழைய கார் சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுபவரிடம் போயிற்று. அங்கே அதை நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். மைத்துனன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டான். அவர் பட்டறையை மூடிவிட்டார். அவள் ஓய்வுபெற்றபின் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்; அவர் பக்கத்து இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போகிறார்.