அனுசியா அடக்கிய மூச்சு

போன வருஷம் கம்பெனி ஆயுத பூஜையில் பாடுவதற்காக அனுசியா மேடை ஏறி, மைக் முன்னால் நின்று, ஒரு வார்த்தை பாடாமல் இறங்கி வந்துவிட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து வேலை நேரத்திலும் பாட்டை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் நானும் அவளும் கூலிக்குப் போகிறோம். அச்சிலிருந்து வரும் பச்சைப் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவுவது எங்கள் வேலை. சூளைக்குப் போகாத பொம்மை, நம் கை கொஞ்சம் அழுந்தினாலும் அதன் விரல் உடைந்துவிடும். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் அந்த வேலைக்கு அனுசியாவின் பாட்டுதான் துணை. நல்லூரில் அவள் அம்மா நடவில் பாடிய பாட்டுகள். ஒரு பொம்மைக்குப் பாட்டில் ஒரு அடி என்று பாடுவாள். ஒரு பாட்டு முடிய மதியமாகிவிடும். அது நின்ற பிறகு எனக்குக் கழுத்துவலி கூடிப்போனது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜம்.

இந்த வருஷம் பூஜையில் பாட அவளே மேஸ்திரி தங்கராசுவிடம் பேர் கொடுத்தாள்.

"இந்த வாட்டியும் வரலன்னா வுட்டுடுங்க கனகாக்கா. இனிமே என்னைப் பாடுன்னு யாரும் கேக்காதீங்க" என்றாள்.

எனக்கு அவளைவிடப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் நான் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

"எதிர்ல இருக்கிறவங்கள ஆளுங்கன்னு நெனைக்காத. எல்லாம் பொம்மைன்னு நெனச்சுக்க. நீ பாக்காத பொம்மையாடி?"

"சரிக்கா."

பெரிய ஞானத்தைச் சொல்லிவிட்ட நினைப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பூஜை முடிந்து, எங்கள் கத்திகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் கிடந்தன. என் பக்கத்தில் தங்கராசு புதிதாக வாங்கிய செல்போனை மடியில் வைத்துக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அனுசியா மேடை ஏறினாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கண்கள் சுருங்கின. வாய் மட்டும் திறக்கவில்லை.

"போன வருசமும் இதே கதைதான்" என்று பின்னால் ஒருவர் சொன்னார். திரும்பி அவரை முறைத்துவிட்டு மேடையைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் வலது கை கண்ணில் பட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தன. அது கத்தி பிடிக்கிற கை.

நான் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருக்கிறாள். எதிரே இருப்பவை பொம்மைகள். பொம்மை என்றால் பிசிறு சீவ வேண்டும். சீவும்போது நாங்கள் யாரும் மூச்சு விடுவதில்லை, விட்டால் கை ஆடும். அவளும் அந்த நேரத்தில் பாடியதே இல்லை. சீவி முடித்து, தூளை ஊதி, பொம்மையைப் பலகையில் வைத்த பிறகுதான் அந்த ஒரு அடி வரும். இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

அனுசியா இறங்கும் படியைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"சீவினது போதும்டி! ஊதி வையி!"

ஊதினாள். மைக்கிலேயே ஊதினாள். இரண்டு ஸ்பீக்கரும் புயல் மாதிரி இரைந்தன. தங்கராசு கண்ணில் தூசி விழுந்தவர் போல முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மூச்சிலேயே முதல் அடி வந்தது.

வந்து, நின்றது.

"அவ்ளோதானா?" என்றார் தங்கராசு.

"சும்மா இருங்க மேஸ்திரி. வரும்" என்றேன். எங்கள் வரிசைப் பெண்கள் யாரும் அசையவில்லை. ஒரு பொம்மை சீவுகிற நேரம் காத்திருந்தோம்.

இரண்டாவது அடி வந்தது. மூன்றாவதற்கு அவள் நிற்கவில்லை. நான்காவதற்கும் நிற்கவில்லை. பாட்டு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

மதியம்வரை எங்களோடு வந்த பாட்டு இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும், அதற்குள் முடிந்துவிட்டதே என்று அழுதுகொண்டிருந்தேன்.