மாற்ற மறந்த சமர்ப்பணம்

அலுவலகத்திலிருந்து வந்த எழுத்தாளர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். மேஜைமேல் கூரியரில் வந்த பொட்டலம் கிடந்தது. அவருடைய நாவலின் முதல் பிரதி. பதிப்பகத்தில் கிணற்றில் போட்ட கல்லாகப் பல வருஷம் கிடந்த புத்தகம். அது கைக்கு வரும் நாளில் துள்ளிக் குதிக்கப்போகிறோம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார். இப்போது குதிக்க முழங்கால் சம்மதிக்கவில்லை, மனசும்தான்.

மனைவிதான் பிரித்தாள். அட்டையைத் தடவினாள், முகர்ந்து பார்த்தாள், முதல் தாளைப் புரட்டியதும் நிமிர்ந்தாள்.

"ஏங்க, இதை மாத்தலையா?"

‘ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்ட சாவிக்கடை நண்பனுக்கு’ என்று அச்சாகியிருந்தது.

எழுத்தாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அதை எழுதிக் கொடுத்தபோது சாவிக்காரரைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. அப்புறம்தான் சாவிக்காரருக்கும் தம்பிக்கும் கடையைப் பங்கு போடுவதில் தகராறு வந்தது. "நீ சொன்னா சரிடா" என்று சாவிக்காரரே இவரை நடுவில் உட்கார வைத்தார். தம்பிக்குப் பாதி உண்டு என்று இவர் சொன்னார். அன்றோடு நண்பர்களுக்குள் பேச்சு அறுந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். சொன்னது நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறார். நினைத்து என்ன? படித்துக் காட்ட ஆளில்லாமல் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

"வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரியறதுக்குள்ள நீங்களே போய்க் கொடுத்துடுங்க."

"காக்கா பிடிக்க வந்திருக்கேன்னு நினைப்பான்."

"நினைக்கட்டும். பேசாம இருக்கறதைவிடவா மோசம்? போங்க."

போனார். கடையை நட்டநடுவில் பலகை அடித்துத் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் தம்பியின் செல்போன் கடை, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாவிக்காரர் ஒருக்களித்து உட்கார்ந்து சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பலகை அடித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"வாங்க. என்ன வேணும்?" என்றார் சாவிக்காரர்.

அந்த மரியாதைக்குப் பதிலாக இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று எழுத்தாளருக்குத் தோன்றியது. புத்தகத்தை நீட்டினார். சாவிக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திறந்தார். ஒரு வரியை அவ்வளவு நேரம் யாரும் படித்ததில்லை.

"சமாதானத்துக்கா?"

வழிநெடுக அழகான வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தார் எழுத்தாளர். அதையெல்லாம் சொல்லத் தெம்பில்லை.

"இல்லடா. அப்ப எழுதினது. மாத்தணும்னு தோணவே இல்ல. இன்னிக்கு அச்சுல பாத்தப்பதான் இந்த வரியே ஞாபகம் வந்துச்சு."

"அன்னிக்குச் சொன்ன தீர்ப்பு?"

"அதையும் மாத்த மாட்டேன். உன் தம்பிக்குப் பாதின்னா பாதிதான்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"நீ யோசிச்சுப் போட்டிருந்தா தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பேன்," என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "உக்காருன்னு சொல்லலாம்னா ஸ்டூலும் அவன் பங்குல போயிடுச்சு."

"நிக்கிறேன்."

"கால் வீங்கியிருக்கேடா."

"அது கிடக்கட்டும்."

சாவிக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு திரும்பிப் பலகையைத் தட்டினார்.

"தம்பி, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படிக் குடுடா."

அந்தப் பக்கம் ரேடியோ நின்றது. எழுத்தாளருக்கு அழுகை வந்துவிட்டது.