சம்மதிக்காத அட்டை

எங்கள் ஊரில் வெப்பம் பேசித்தான் உள்ளே வரும். சுவரைத் துளைப்பது, கூரையைப் பிளப்பது போன்ற முரட்டுத்தனமெல்லாம் அதனிடம் கிடையாது. காலையில் மொட்டை மாடியில் வந்து உட்கார்ந்து கான்கிரீட்டிடம் பேச்சுக் கொடுக்கும். வெளியே நிற்க முடியவில்லை, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்லும். கான்கிரீட் பார்ப்பதற்குத்தான் கடுமை. மதியத்துக்குள் சம்மதித்துவிடும். பிறகு வெப்பம் எங்கள் அறைக்குள் இறங்கி, காலியாகக் கிடக்கும் மூன்றாவது கட்டிலில் உட்காரும். விடியும்வரை நகராது. எழுந்து போ என்றால், கேட்டுவிட்டுத்தானே வந்தேன் என்று பதில் சொல்லும்.

எங்கள் அறை என்பது பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில் கடைசி அறை. நானும் லூர்துவும் இருக்கிறோம். நான் முதுகலை தத்துவம், அவள் தாவரவியல். எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட், அதற்கு மேல் வெப்பம்.

இதற்கு நுரை அட்டை போட வேண்டும். நுரை அட்டைக்குள் கடுகளவு அறைகள் கணக்கில்லாமல் இருக்கும். எல்லாவற்றின் கதவும் சாத்தியிருக்கும். வெப்பம் ஒவ்வோர் அறையாகத் தட்டிப் பேசிச் சம்மதம் வாங்கினால்தான் மறுபக்கம் வர முடியும். ஆகவே லேசில் சம்மதிக்காத அட்டையே நல்ல அட்டை. நிறம், கனம், நீளம், அகலம் எல்லாம் அப்புறம்தான்.

தேர்ந்தெடுக்கும் முறையும் எளிதுதான். அந்தக் கூரைக்குக் கீழே படுப்பவர்களில் ஒருவர் வெப்பத்தின் கட்சியை எடுத்துக்கொண்டு அட்டையோடு வாதாட வேண்டும். காலைச் சிற்றுண்டி மணியிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி வரை அட்டை அசையாமல் இருந்தால் தேறிவிட்டது. இடையில் சம்மதித்துவிட்டால் தள்ளுபடி.

ஆண்கள் விடுதிக்குப் போன வருடமே அட்டை போட்டுவிட்டார்கள். ஏன் அவர்களுக்கு முதலில் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அங்கே வாதாட வந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டே நாலு வார்த்தை பேசினான், அட்டை தேறிவிட்டது. பங்குனியில் வெப்பம் வந்து உண்மையாகவே பேசியபோது அந்த அட்டை அரை நாள்கூடத் தாங்கவில்லை. இப்போது அவர்கள் எல்லோரும் வேப்ப மரத்தடியில் படுக்கிறார்கள்.

எங்கள் விடுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எந்த வாதத்திலும் தோற்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் லூர்துவைத் தவிர யாரும் என் மேசைக்கு வருவதில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன்.

அட்டைக்கு அனுமதி தர வேண்டியவர் துணைப் பதிவாளர் பொன்னுரங்கம். மாசியிலேயே போய்ப் பார்த்தேன். அவருடைய அறை மேற்குப் பார்த்த அறை. அங்கே உதவியாளர் ஏகநாதன் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்து வைத்த டீ, வைத்தவுடன் ஆறிப்போனது.

"பார்ப்போம்மா" என்றார் துணைப் பதிவாளர்.

"எப்ப சார் பாப்பீங்க?"

"அதையும் பார்ப்போம்."

"பசங்க ஹாஸ்டலுக்குப் போட்டுட்டீங்களே சார்?"

"அது வேறம்மா."

"என்ன சார் வேற?"

"அதான் சொன்னேனே. வேற."

தர்க்கத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. அவரிடம் சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றார்.

கடைசியில் ஆட்சிக்குழுவே உத்தரவு போட்டதால் அனுமதி வந்தது. கூடவே அவர் இரண்டு விதிகளையும் சேர்த்தார். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஒன்றும் தேறாவிட்டால் மூன்றாம் மாடி மூடப்படும், அந்த மாடிப் பெண்கள் வீட்டுக்குப் போய் அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம். தேறினாலோ, தேறியதை அன்றைக்கே கூரையில் பொருத்திவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் விலக்குக் கிடையாது.

வீட்டுக்குப் போனால் என் படிப்பு அஞ்சலிலும் வராது. பெரிய மாமா ஆரணியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, மண்டபத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. இந்த ஊரில் வெப்பம்கூட ஒரு கான்கிரீட்டைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

அட்டை வியாபாரி சுல்தான் பாய் சின்ன யானை வண்டியில் சரக்கு கொண்டுவந்தார்.

"பாத்துப் பேசு பாப்பா. எல்லாம் புதுச் சரக்கு. பழக்கமில்ல அதுங்களுக்கு" என்றார்.

முதலில் வெள்ளை அட்டை, தெர்மாகோல் சாதி. மணி மணியாகச் சேர்த்து அழுத்தியது. அதனிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஓரத்து மணி ஒன்றைச் சம்மதிக்க வைத்தேன். பக்கத்து மணி, "அவளே சரின்னுட்டா, நமக்கென்ன" என்றது. அப்புறம் அட்டை முழுக்க அதே பேச்சு. காலையில் சாப்பிட்ட இட்லி செரிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது இளஞ்சிவப்பு அட்டை. கெட்டியானது. மேலே ஆள் நடக்கலாம், தண்ணீர்த் தொட்டி வைக்கலாம், மழைநீரைத் தொடக்கூடச் செய்யாது. நியாயம் பேசினேன், அசையவில்லை. புள்ளிவிவரம் சொன்னேன், அசையவில்லை. பிறகு கேட்டேன்: "எல்லாரும் உன் மேல் ஏறி நிற்கிறார்கள். நீயும் தாங்குகிறாய். உன்னிடம் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்களா?"

அட்டையின் ஓரம் லேசாக மடங்கியது. பிறகு, வரச் சொல்லுங்கள் என்றது.

"லாரிய ஏத்திப் பாத்தேன் பாப்பா, நசுங்கல. நீ ஒத்த வார்த்தையில நசுக்கிட்டியே" என்று பாய் அதைத் தட்டிக்கொடுத்து வண்டியில் ஏற்றினார்.

அன்று மாலை லூர்து என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது கட்டிலில் வெப்பம் இருந்தது. அதற்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"ஒரு தடவ தோத்துத் தொலையேன்டி."

"நான் சும்மா பேசினா, சும்மா தேறுற அட்டைதான் வரும். அது சும்மாவா பேசும்?" என்று கட்டிலைக் காட்டினேன். "பசங்க மரத்தடியில படுத்திருக்கானுங்க. நாம எங்க படுப்போம்?"

"நீ ஆரணியில படுப்ப."

"இது வாதமில்ல, பயமுறுத்தல்."

"ஆமாண்டி. நீ போயிட்டா நான் யாரோட சண்ட போடுவேன்? எங்க லேப்ல செடிங்கதான் இருக்கு. திருப்பிப் பேசாது."

அதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

மூன்றாவது மஞ்சள் அட்டை. பாயிடம் இருந்த கடைசிச் சரக்கு. மெல்லிசு, ஆனால் உள்ளே அறைகள் மிக நெருக்கம். இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. அதனால் நான் சொல்வதெல்லாம் என்னிடமே திரும்பி வந்தது. என் குரலில் வந்த வாதத்துக்கு நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாதம் நன்றாகத்தான் இருந்தது. வெகு நேரம் என்னோடு நானே மோதிக்கொண்டிருந்தேன். அட்டை நடுவர்போல நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் மாடிப் பெண்கள் தட்டுகளோடு நின்றார்கள். லூர்து வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

சமையல்கட்டில் மணி அடிக்கும் அம்மா கயிற்றில் கை வைத்துவிட்டார். என்னிடம் இன்னும் ஒரு கருத்து மிச்சமிருந்தது. லூர்து என்னைப் பார்த்து வாயைப் பொத்திக் காட்டினாள். மிச்சமிருக்கும் கருத்தை ஒருத்தி எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று நீயாக முடிவு செய்தாயா, இல்லை உன்னை அப்படிச் செய்து வைத்தார்களா?" என்று கேட்டேன்.

அட்டை யோசித்தது.

"நீங்கள் சொல்வதும் சரிதான்" என்றது.

மணி அடித்தது. தட்டுகளோடு எல்லோரும் கீழே போனார்கள். என் மேசைக்கு அன்றைக்கு லூர்துவும் வரவில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். காலைச் சிற்றுண்டி மணி அடித்ததும் துணைப் பதிவாளரிடம் போனேன். அட்டை தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொல்ல சுல்தான் பாயும், மஞ்சள் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மாடிய மூட வேணாம் சார்" என்றேன்.

"முடியாதும்மா."

"ஒரு மாசம் டைம் குடுங்க."

"விதியில இடமில்ல."

"விதிய எழுதினதே நீங்கதானே சார்?"

"அதனாலதாம்மா தெரியுது, இடமில்லன்னு."

பாய் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினார். மேற்கு ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெப்பம் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தது. ஓய்ந்துபோயிருந்தது.

"இங்க ஏசி உண்டா?" என்று ஏகநாதனைக் கேட்டார்.

"இல்ல பாய். ஐயாதான் உண்டு."

பாய் எழுந்து போய், துணைப் பதிவாளரின் முதுகில் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, பேச்ச மாத்து. வெயில் கட்சி பேசு."

நான் கட்சி மாறினேன். ஜன்னலுக்கு வெளியே நிற்பதை உள்ளே விட வேண்டும் என்று தொடங்கினேன். நியாயம் சொன்னேன். "பார்ப்போம்மா" என்றார். புள்ளிவிவரம் சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றார். இத்தனை வருட உழைப்பில் உங்களிடம் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்களா சார் என்றேன். "தேவையில்லம்மா" என்றார். கடைசியாக மிச்சமிருந்த கருத்தையும் சொன்னேன். நீங்களாக இப்படி ஆனீர்களா, உங்களை ஆக்கினார்களா? அவர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"அது வேறம்மா" என்றார்.

விடுதியிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி கேட்டது. பாய் இடுப்பிலிருந்து அளவு டேப்பை உருவி, துணைப் பதிவாளரை அளக்கத் தொடங்கினார்.

தேறியதை அன்றைக்கே பொருத்த வேண்டும் என்பது துணைப் பதிவாளருக்குத் தெரியும். துணைவேந்தரே வந்து, உங்களுக்கு மட்டும் ஒரு விலக்குத் தரலாம் என்றார். "விதியில இடமில்லங்க ஐயா" என்று பதில் வந்தது. துணைப் பதிவாளரின் மனைவி தொலைபேசியில் வெகு நேரம் பேசினார். "முடியாதும்மா" என்று வைத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏகநாதனிடம் கொடுத்துவிட்டு, மூன்று மாடியும் தானே ஏறி வந்தார்.

மொட்டை மாடியில் படுக்க வைத்ததும் அவர் உடம்பு நான்கு கைப்பிடிச் சுவர்களையும் தொட்டது. அட்டை என்றால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி வரும், அந்த இடுக்கில் வெப்பம் பேச்சை நுழைத்துவிடும், இது ஒரே துண்டு, இந்தக் கவலை இல்லை என்றார் பாய். தொப்பைப் பக்கம் உயரம் என்பதால் மழைநீர் வாட்டமும் தானாகவே அமைந்துவிட்டது. மேலே ஓடு பதித்தார்கள். சாயங்காலம் பெண்கள் அதன் மேல் துணி காயப்போட்டார்கள்.

மாடி மூடப்படவில்லை. பெரிய மாமாவுக்குத் தகவல் சொன்னேன். மண்டபத்துக்கு வேறு பெண் பார்ப்பதாகச் சொன்னார்.

அக்னி நட்சத்திரம் வந்தது. வெப்பம் நாள் முழுக்க மேலே உட்கார்ந்து பேசும். "பார்ப்போம்... பார்ப்போம்" என்று ஓட்டுக்குக் கீழிருந்து கேட்கும். எங்கள் அறை குளிர்ந்துவிட்டது. லூர்து ஊரிலிருந்து கம்பளிப் போர்வை வரவழைத்துக்கொண்டாள். மூன்றாவது கட்டிலில் நாங்கள் புத்தகங்களை அடுக்கினோம்.

பாய் மஞ்சள் அட்டையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. ஒரு தடவை சம்மதித்ததை எவன் வாங்குவான் என்று துணைப் பதிவாளரின் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அலுவலகம் அதோடு நடக்கிறது. நூலகத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கச் சொல்லிப் போனேன். நீங்கள் சொல்வதும் சரிதான் என்றது. பெண்கள் விடுதிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டக் கூடாது என்றேன். அதுவும் சரிதான் என்றது. எதிர்வாதம் இல்லாததால் எனக்குச் சப்பென்று இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இனி ஆண்கள் விடுதிக்கும் ஒருவர் வேண்டும் என்று நிதி அலுவலரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எல்லோரும் போய்க் கேட்டதுபோல, வெப்பமும் ஒரு நாள் மேற்கு ஜன்னலை விட்டு வாசல் வழியாக உள்ளே போய், வரிசையில் நின்று, மஞ்சள் அட்டையிடம் பேசியிருக்கிறது.

ஆனி மாதம் வகுப்புத் தொடங்கியதும் விடுதிக் காப்பாளர் அம்மா எங்கள் கதவைத் தட்டினார். பின்னால் வெப்பம் ஒரு தகரப் பெட்டியோடு நின்றது.

"முதுகலை தத்துவம், முதல் வருஷம். மூணாவது கட்டில் இதுக்கு ஒதுக்கியிருக்காங்க. புக்கை எடுங்கம்மா" என்றார்.

நாங்கள் புத்தகங்களை எடுத்தோம். வெப்பம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பல் கிட்டியது.

"அக்கா, ரொம்பக் குளிருது. போர்வை ஒண்ணு கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டது.

என்னிடம் இருப்பது ஒரே போர்வை என்றேன். அது வாதாடத் தொடங்கியது. நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாக, எங்கும் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனது. இரண்டு இடங்களில் மறித்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தது. லூர்து புத்தகத்தை மூடிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதும் சரிதான்" என்று போர்வையை எடுத்துக் கொடுத்தேன்.

அது காது வரை போர்த்திக்கொண்டது. தலையணையும் வேண்டும் என்றது.

"பார்ப்போம்" என்றேன்.