சத்தம் போடாத கருவி

"அடியில பழைய பனி சீனி மாதிரி உதிர்ந்து கிடக்கு மச்சான். மேல விழுந்த புதுப் பனி எதையும் புடிச்சு நிக்கல. சுத்திப் போ," என்றாள் ரொசாவ்ரா.

"மச்சினிச்சிக்கு என்மேல என்ன அக்கறை!" நிபால்தோ சிரித்துக்கொண்டே சரிவின் குறுக்கே இறங்கினான். காலையில் பனியில் புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியை ஒருவருக்கொருவர் சோதிக்கும்போதும் "பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் இது" என்று நிற்காமல் நடந்தவன் அவன். சிலியில், சுரங்கத்துக்குப் போகும் மலைச்சாலைக்கு மேலே, தங்கி நிற்கும் பனியை வெடிவைத்துச் சரிப்பது அவர்கள் வேலை. வேலை தெரிந்தவன்தான், திமிர் அதைவிட அதிகம்.

பாதி தூரம் போயிருப்பான். மலை 'உம்' என்றது. மேலே ஒரு கோடு கிழிந்தது. சரிவு முழுவதும் பாளம்பாளமாக உடைந்து, பாறைகளை உருட்டி, அவனையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

புதைந்தவன் மார்பில் கட்டிய கருவி, தேடுபவர்களின் கருவியைக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. நீளக் கம்பிகளால் பனியைக் குத்தித் தேடினார்கள். கல்லில் பட்டால் 'ணங்' என்னும். உடம்பில் பட்டால் அமுங்கும். ஓரத்தில் தனியாகக் குத்திய ரொசாவ்ராவின் கம்பி அமுங்கியது.

போன மாதம்தான் அவள் அக்கா மரித்சாவின் தாடையை இவன் உடைத்திருந்தான். அக்கா இன்னும் கஞ்சிதான் குடிக்கிறாள். நினைப்பு வந்தது, கை நிற்கவில்லை. சிமெண்டாய் இறுகிய பனியை மண்வெட்டியால் வெறிபிடித்தவள் போல் வெட்டினாள். முகம் தெரிந்தது. வாயை அடைத்திருந்த பனியை விரலால் தோண்டினாள். ரத்தம் துப்பி மூச்சு வாங்கினான். மார்புவரை வெட்டிக் கருவியைத் திறந்தாள். உள்ளே பேட்டரி இல்லை.

அவனும் பார்த்துவிட்டான். கைகள் இன்னும் பனிக்குள் இருந்தன.

"உங்கக்கா வேலை. ராத்திரி இதைக் கையில வச்சிருந்தா. வீட்டுக்குப் போறேன், இந்தத் தடவை தாடையோட விடமாட்டேன். கொன்னு புதைக்கிறேன் பாரு."

சொன்னால் செய்வான்.

"ரொசாவ்ரா! ஏதாவது கிடைச்சுதா?" பாளங்களுக்கு அப்பாலிருந்து தலைவர் ஒசோரியோ கத்தினார்.

பதில் சொல்ல நிபால்தோ வாயைத் திறந்தான். மண்வெட்டியில் அள்ளிய பனியை அந்த வாயிலேயே அடைத்தாள். கருவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். அழுதுகொண்டே மூடினாள், மிதித்தாள், மீண்டும் மிதித்தாள்.

"இல்ல தலைவரே! கல்லுதான்!"

ஒசோரியோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "கருவியே மாட்டாமத்தான் வந்திருப்பான். காலையில சோதனைக்கும் நிக்கலியே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன் யார் சொல்லியும் கேக்கமாட்டான்," என்றாள் ரொசாவ்ரா, அவன்மேல் நின்றபடி.