மூன்று பேருக்குப் பின்னால்

வாக்குவாதத்தை ஆரம்பித்தவர் ஹார்லன் கிழவர்தான். வழக்கம்போல.

"இவன் முன்னாடி மூணு வேலிக்கம்பத்தை நட்டு வச்சிருந்தாலும் ஓடியிருப்பான்யா," என்றார். கார்லன் ஊர் வானொலியில் முப்பது வருஷம் ஆட்டங்களை வர்ணித்த குரல். காபி கேட்டால்கூடக் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

"அந்த வேலிக்கம்பம் மூணும் இங்கதான் உட்கார்ந்திருக்கு பெரியவரே," என்றான் ஆன்சல். "காது நல்லாவே கேட்குது."

'இவன்' என்று அவர் காட்டிய நோலன் செட்லாசெக் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரும் வெள்ளிக்கிழமை அவனுடைய பழைய சட்டையைச் சட்டம் போட்டுப் பள்ளி ஜிம்மில் மாட்டப்போகிறார்கள். இருபத்திரண்டாம் எண். அந்த எண்ணை இனி எந்தப் பையனும் போட முடியாது. ஹார்லன்தான் மைக்கில் பேசப்போகிறார். அதற்கான ஒத்திகைதான் இந்தச் சனிக்கிழமைச் சண்டை.

கார்லன் மாதிரி சின்ன ஊர்களில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு அணிக்குப் பதினோரு பையன்கள் தேறுவதில்லை. அதனால் எட்டுப் பேர் வைத்து ஆடுவார்கள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுபவன் ஒருவன். அவனுக்கு முன்னால் குனிந்து நின்று, எதிராளிகளை முட்டித் தள்ளி வழி செய்பவர்கள் மூன்று பேர். மாநிலக் கோப்பை வந்த அந்த ஒரு வருஷம் ஓடியவன் நோலன். முட்டியவர்கள் ஆன்சல், ரூடி, பார்ட். ஓடியவனின் பெயர் ஊர் எல்லைப் பலகையில் இருக்கிறது. முட்டியவர்களின் பெயர் அவரவர் அம்மாவுக்குத் தெரியும்.

நோலனின் மகள் ஜோசி ரூடியின் மடியில் உட்கார்ந்து பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, சில்லி என்கிற காரக் குழம்புக் கிண்ணத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். மூன்று வயது. ரூடியின் சட்டை முழுக்க அவள் கைத்தடம்.

பிப்ரவரியில் நோலனின் மனைவி கெல்சி இறந்துபோனாள். காலையில் தலைவலி என்றாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு நோலனுக்கு எதுவும் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. எழுந்தான், குழந்தைக்கு உடை மாட்டினான், தானியக் கிடங்குக்கு வேலைக்குப் போனான், திரும்பி வந்தான். எவ்வளவு திடமான ஆள் என்று ஊர் சொன்னது. அவன் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டும்.

இன்று மதியம் கெல்சியின் அம்மா லோர்னா ஒமாஹாவிலிருந்து வருகிறாள். அறுவடை தொடங்கப்போகிறது. சோள லாரிகள் வரிசை கட்டி நிற்கிறவரை கிடங்கைச் சாத்த முடியாது. நோலன் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும், கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். அறுவடை முடிகிறவரை ஜோசி என்னோடு இருக்கட்டும், சனிக்கிழமை வந்து பதில் கேட்டுக்கொள்கிறேன் என்று லோர்னா போனில் சொல்லியிருந்தாள். அறுவடை முடிந்ததும் குழந்தை திரும்பி வரும் என்று இருவருமே முழுதாக நம்பவில்லை. நோலன் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். 'நான் தனியாப் பார்த்துப்பேன்.' காரில் வரும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். பொய் சொல்கிற மாதிரியே இருந்தது.

யாரிடமும் இதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

"நோலா, நீயே சொல்லு," என்றார் ஹார்லன். "திறமையா, இந்தத் தடியனுங்களா?"

"தடியனுங்கதான். அவங்க போட்ட பாதையில நீங்க டிராக்டரையே ஓட்டிட்டுப் போயிருக்கலாம்."

"சும்மா இரு," என்றான் பார்ட். பள்ளியில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஆதாரம் கேட்பான். "உனக்குக் கணுக்கால் பிசகின வாரம் உனக்குப் பதிலா டக்கர் பயலை ஓட விட்டோமே, ஞாபகம் இருக்கா? அதே மூணு பேரு, அதே பாதை. நேரா வந்து என் முதுகுல முட்டினான்."

"ஆதாரம் போதுமா?" என்றார் ஹார்லன்.

"போதாது," என்றான் நோலன். "அடுத்த வருஷம் இவங்க மூணு பேரும் படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் இருந்தேன். என்னாச்சு?"

"அந்த வருஷம் நல்ல மழை."

"எனக்கு மட்டுமா பெய்ஞ்சது? ரெண்டே ஆட்டம்தான் ஜெயிச்சோம் ஹார்லன். காலு அதே காலுதான்."

கடை சிரித்தது. கூத்துதான். ஓடியவன் முட்டியவர்களுக்காக வாதாடுகிறான், முட்டியவர்கள் ஓடியவனுக்காக. ஹார்லன் மட்டும் தோற்பதாக இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. அந்த வருஷம் வெஸ்ட் ஃபோர்க் ஊரோட ஆடின ஆட்டத்துக்கு வா. கடைசி நிமிஷம். எல்லாரும் வலப்பக்கம் சாயறாங்க. இவன் ஒருத்தன் மட்டும் இடப்பக்கம் திரும்பறான். அங்க கதவு திறந்திருக்குன்னு இவனுக்கு யார் சொன்னா? அன்னைக்கு மைக்லயே சொன்னேன், கடவுள் இவன் காதுல சொல்றார்னு. வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொல்லப்போறேன். இப்ப பேசுங்கய்யா."

ஆன்சல் கூரையைப் பார்த்தான். ரூடி இருமினான்.

"வேண்டாம்டா," என்றான் பார்ட்.

"பதினாலு வருஷம் ஆச்சு," என்றான் ரூடி. "இனிமே என்ன?" டயர் கடையில் வேலை செய்து கறுத்த கையால் உப்பு, மிளகு, கெச்சப் மூன்றையும் இழுத்து வரிசையாக வைத்தான். சர்க்கரைக் குப்பியைப் பின்னால் வைத்தான். "இது நீ. அன்னைக்குக் கோச் சொன்னது வலப்பக்கம்."

"இடப்பக்கம்," என்றான் நோலன்.

"வலதுடா."

"ரூடி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எங்க மூணு பேருக்கும்தான் ஞாபகம் இருக்கு. மூணுக்கு ஒண்ணு."

ஜோசி மிளகுக் குப்பியை எடுத்துக்கொண்டாள். "கண்ணு, அது பார்ட் அங்கிள், கீழ போட்டுடாத," என்றான் ரூடி.

ஆன்சல் உப்புக் குப்பியைத் தொட்டான். "நான் இடது ஓரம். என் ஆளை இன்னும் இடப்பக்கமாத் தள்ளி ஒதுக்கணும், நீ எனக்கு வலப்பக்கமாப் போகணும். தள்ள ஆரம்பிச்சுட்டேன். திடீர்னு அவன் கண்ணு என் இடது தோளுக்கு மேல போச்சு. எங்களால திரும்பிப் பார்க்க முடியாது நோலா. அந்த வருஷம் முழுக்க நீ ஓடி நாங்க பார்த்ததே இல்ல. எதிர்ல இருக்கிறவன் கண்ணைத்தான் பார்ப்போம். அவன் கண்ணு எங்க போகுதோ அங்கதான் நீ இருப்ப. அன்னைக்கு நீ இருக்கக்கூடாத இடத்துல இருந்த."

"அப்புறம்?"

"கத்தினேன். 'கழுதை தப்பாப் போகுது!' மூணு பேரும் பிடிச்ச ஆளை விட்டுட்டு அந்தப் பக்கம் பாய்ஞ்சோம். நீ வர்றதுக்குள்ள எப்படியோ ஒரு சந்து பண்ணினோம்."

ஹார்லனின் வாய் திறந்தே இருந்தது. "அப்ப கடவுள்?"

"அது ஆன்சல்," என்றான் பார்ட்.

கடை முழுக்க வெடித்துச் சிரித்தது. பக்கத்து மேசைக்காரர் மேசையைத் தட்டினார். நோலனும் சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு தொண்டையிலிருந்து வந்த முதல் சிரிப்பு. அவனுக்கே அது வேறு யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

"ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா அடுத்த வாரம் யோசிச்சுக்கிட்டே ஓடுவ. யோசிக்கிற ஆளை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்றான் ரூடி. "ஆனா ஒண்ணு. சந்தைத் தாண்டி ஒரு நாப்பது கஜம் ஓடினியே, அது உன்னோடது. எங்கள்ல ஒருத்தன் ஓடியிருந்தா பாதி வழியில ஆம்புலன்ஸ் வந்திருக்கும்."

"அதைத்தான்யா நான் முதல்லேருந்து சொல்றேன்!" என்றார் ஹார்லன்.

"நீங்க சொன்னது வேலிக்கம்பம்."

நோலன் மேசை மீதிருந்த குப்பிகளைப் பார்த்தான். பதினான்கு வருஷமாகத் தான் சரியாகப் போனதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு திருப்பம்.

"வேற எதெல்லாம் சொல்லாம வச்சிருக்கீங்க?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

ஆன்சல் குரலைத் தாழ்த்தினான்.

"லோர்னா விஷயம் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போன தடவை வந்தப்போ சர்ச் வாசல்ல அவங்க ஜோசியைப் பார்த்ததைப் பார்த்தேன். பேத்தியைக் கொஞ்சற பார்வை இல்ல அது. கார் சீட்டுக்கு அளவெடுக்கிற பார்வை."

நோலனின் மனசுக்குள் வேறு விஷயங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்தன. பனி கொட்டிய மார்ச்சில் காலையில் கதவைத் திறந்தால் கார் வரை பாதை போட்டிருக்கும். பனி வாரும் பஞ்சாயத்து வண்டி வந்து போனதாக நினைத்தான். பஞ்சாயத்து வண்டி யார் வீட்டு வாசலுக்கு வந்தது? நான்கு டயரும் மாற்றிவிட்டு, கம்பெனி உத்தரவாதம், பைசா வேண்டாம் என்றான் ரூடி. தன் வீட்டில் டிவி ரிப்பேர் என்று பார்ட் செவ்வாய்தோறும் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தான். ஆட்டம் முடியும்போது பாத்திரத் தொட்டி காலியாக இருக்கும், பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஏப்ரல் போய், மே போய், ஆகஸ்ட்டும் போனது. ஒரு டிவி அத்தனை நாளா ரிப்பேரில் இருக்கும்?

தான் தனியாக ஓடிக்கொண்டிருந்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

"தனியாப் பார்த்துப்பேன்னு சொல்லப்போறேன்," என்றான்.

"சொல்லு," என்றான் பார்ட். "அவங்களும் சிரிச்சு நாளாச்சு."

நோலன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். இந்த மூவரிடமும் அவன் இதுவரை வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஆடிய காலத்திலும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என்னால முடியாது," என்றான். "கிடங்கு மூடறவரைக்கும் ஜோசியை யாராவது பார்த்துக்கணும். அறுவடை முடியறவரைக்கும். செய்வீங்களா?"

யாரும் எழுந்து வந்து கட்டிக்கொள்ளவில்லை. ரூடி ஜோசியின் வாயைத் துடைத்தான்.

"கேட்கறதுக்கு எட்டு மாசம் எடுத்துக்கிட்டான் பாரு," என்றான் ஆன்சல். "என் பொண்டாட்டி டீனா பகல் முழுக்க வீட்டுலதான் இருக்கா. எங்க ரெண்டு வாலோட இது மூணாவது, அவளுக்கு வித்தியாசமே தெரியாது."

"நாலரைக்கு மேல நான் இருக்கேன்," என்றான் பார்ட். "எப்படியும் டிவி ரிப்பேர்."

"நன்றி," என்றான் நோலன். அந்தச் சொல் வாய்க்குள் கரடுமுரடாக இருந்தது. திரும்பவும் சொன்னான். "நிஜமாவே நன்றிடா."

"சரி, சரி. பில்லை நீ கட்டு," என்றான் ரூடி.

ஹார்லன் வெள்ளிக்கிழமைப் பேச்சை எழுதிய காகிதத் துண்டில் எதையோ அடித்து மாற்றிக்கொண்டிருந்தார். "கடவுளை விடமாட்டேன்," என்று முணுமுணுத்தார். "ஆன்சல் மூலமாச் சொன்னார்னு மாத்திக்கிறேன்."

வீட்டு வாசலில் லோர்னாவின் கார் ஏற்கனவே நின்றது. பின் இருக்கையில் புதுக் குழந்தை நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. லோர்னா சமையலறையில் மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தாள். ஜோசி ஓடிப் போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"லோர்னா, என்னால தனியா முடியாது," என்றான் நோலன், கதவைச் சாத்துவதற்கு முன்பே.

அவள் தலையசைத்தாள். அவள் எதிர்பார்த்ததுதான். "அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. நான் இன்னைக்கே..."

"அதனால ஜோசி இங்கயே இருக்கட்டும்."

யார் யார், எப்போது, எப்படி என்று அவன் சொன்னான். திக்கித் திக்கித்தான் சொன்னான். லோர்னா குறுக்கே பேசாமல் கேட்டாள். டீனாவைத் தெரியும், நல்ல பெண் என்றாள். ரூடி புகைப்பானா என்று கேட்டாள். விட்டுவிட்டான் என்றான். அதற்குமேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான்?" என்றாள்.

இரண்டே சொல். நோலன் அவளைப் பார்த்தான். பிப்ரவரியிலிருந்து இந்த முகத்தை அவன் சரியாகப் பார்த்ததில்லை. ஒமாஹாவில் அவள் வீட்டில் யார் பனி வாருகிறார்கள், யார் டிவி ரிப்பேர் என்று வந்து உட்காருகிறார்கள்? ஒருவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கெல்சி ஒரே மகள்.

"மாடி அறை சும்மாதான் கிடக்கு," என்றான். "இங்கயே இருங்க. அறுவடை முடியறவரைக்கும். அதுக்கப்புறமும் இருங்க."

"என்னோட இருக்க உன்னால முடியுமா? நான் எல்லாத்துலயும் நொட்டை சொல்ற ஆளு."

"தெரியும். கெல்சி சொல்லியிருக்கா."

லோர்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர்கள் இருவரும் கெல்சியின் பெயரைச் சேர்ந்து கேட்டு நாளாகியிருந்தது.

"பிப்ரவரியில நீங்க மூணு வாரம் இங்க இருந்தீங்க," என்றான் நோலன். "உங்க பொண்ணைப் புதைச்சுட்டு வந்து என் பொண்ணோட துணியைத் துவைச்சீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. நன்றி லோர்னா."

"அப்ப அதெல்லாம் உன் கண்ணுல பட்டுச்சா என்ன?" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "மாத்துத்துணி ஒண்ணே ஒண்ணுதான் கொண்டு வந்திருக்கேன்."

"நாளைக்குப் போய் எடுத்துட்டு வரலாம். ரூடிகிட்ட லாரி இருக்கு."

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெகுநேரம் பார்த்தாள். "இதுல என்ன இருக்குன்னு நீ திறந்து பார்த்ததுண்டா? கடுகு சாஸும் ஒரு பாதி எலுமிச்சையும் இருக்கு."

"வியாழக்கிழமை அந்த மூணு பேரையும் குடும்பத்தோட சாப்பிடக் கூப்பிடலாமா?" என்றான் நோலன். "அந்தக் காலத்துல ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்க அம்மா முன்னாடி நின்னு முட்டற இவங்க மூணு பேருக்கும் சமைச்சுப் போடுவாங்க. ஓடுறவன் வீட்டுக்காரங்க செய்யணும். அதுதான் முறை."

"அப்படி என்ன சாப்பிடுவாங்க?"

"பார்த்தாத்தான் நம்புவீங்க."

லோர்னா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அடுப்பின் மேலிருந்த பெரிய பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இது போதாது என்றாள். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கணும் என்றாள்.

"ரெண்டு," என்றான் நோலன். ஜோசியைத் தோளில் தூக்கிக்கொண்டு கார் சாவியைத் தேடினான்.