மருதோடைக்குப் பத்தடி

காலை பத்து மணிக்கு ஜவாத் வீட்டுக்குள் நுழைந்த விதத்திலேயே ஏதோ பிழையாகிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. என் புருஷன் எப்போதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அன்றைக்குச் செருப்போடு குசினி அடுப்படி வரைக்கும் வந்து நின்றார். கையில், வயல் செய்கிற கமக்காரர் அமைப்பின் கோப்பு.

"முஸ்பிறா, எல்லாம் பிழைச்சிட்டு. ஆத்துத் திட்டத்துப் பாக்கியராசா சேர் போன் எடுத்தார். பதினெட்டுக் கையெழுத்தும் செல்லாதாம்."

"ஏன்?"

"காணி ஒண்டும் எங்கட பேர்ல இல்லியாம்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வயல் செய்வது ஆண்கள், காணி உறுதிப் பத்திரம் இருப்பது பெண்களின் பேரில். எல்லாம் சீதனக் காணி. மூன்று மாதமாகக் கூட்டம் போட்டுத் தேநீர் குடித்த பதினெட்டு ஆண்களுக்கும், அவர்களில் ஒருவரான செயலாளர் என் புருஷனுக்கும் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பதினெட்டில் ஒன்று என்னுடைய காணி. என்னிடமும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மருதோடை எங்கள் வயல்களின் ஓரமாக ஓடிக் கடலுக்குப் போகிற சின்ன ஆறு. பெயரில்தான் மருது இருக்கிறது; கரையில் ஒரு மரம் இல்லை. இன்னும் இரண்டு வரி நெல் விதைக்கலாம் என்று நாங்களே வெட்டித் தீர்த்தோம். இப்போது ஒவ்வொரு மாரியிலும் கரை இடிகிறது. அந்த மண் போய்க் கடல்வாயை அடைக்க, தண்ணீர் ஊருக்குள் திரும்பி எங்கள் கட்டில்களுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆற்றுத் திட்டத்துக்குப் பொறுப்பான பாக்கியராசா தம்பிலுவில்காரர். அவர் கேட்டது இவ்வளவுதான்: காணிக்காரர் ஒவ்வொருவரும் கரையோரம் பத்தடி விட்டுக்கொடுக்க வேண்டும். திட்டம் மருதங்கன்றும் மூங்கிலும் தரும். நட்டுக் காப்பது எல்லோரும் சேர்ந்து. ஒரு காணி விடுபட்டாலும் ஆறு அந்த இடத்தால் புகுந்துவிடும் என்பதால் பதினெட்டுப் பேரும் சம்மதிக்க வேண்டும்.

"நாலு மணிக்கு லொறி வெளிக்கிடுதாம்," என்றார் ஜவாத். "அதுக்குள்ள கையெழுத்து இல்லாட்டி மருதங்கண்டெல்லாம் வேற ஆத்துக்குப் போயிரும். மறுகா அடுத்த வரிசம்தான்."

"கோப்பத் தாங்க."

எங்கள் ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமாக வட்டிலப்பமும் கலியாணச் சாரியும்தான் ஓடும். அதில் ஒரு குரல்பதிவு போட்டேன்: "உங்கட காணிக்கு உங்கட புருஷன்மார் கையெழுத்துப் போட்டிரிக்காங்க. உறுதியோட உடனே வாங்க."

நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஜவாத் பின்வாசலால் நழுவினார். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஏச்சு, பிறகு கேள்வி, பிறகு கையெழுத்து. போன மாரியில் ஆளுக்கொரு தரமாவது வீட்டுக்குள் சேறு அள்ளியவர்கள். நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மணிக்குப் பதினாறு கையெழுத்து ஆகிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிச்சம் இரண்டே இரண்டு பேர்: நானும் ஆயிஷா உம்மாவும்.

ஆயிஷா உம்மாவின் காணி ஆறு வளைந்து திரும்புகிற முடக்கில் இருக்கிறது. வெள்ளம் முதலில் வந்து மோதுகிற இடம் அதுதான். வீட்டுக்கே போனேன். அவர் அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மூணு ஏக்கர் எண்டு இதுல இரிக்கி, மகள். என்ட புள்ள ஸப்னாக்குப் பெருநாள் முடியக் கலியாணம். மூணு ஏக்கரும் குறையாம எழுதித் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். பத்தடியும் தரமாட்டன்."

உறுதியைப் படித்தேன். கிழக்கெல்லை: மருதோடைக் கரையில் நிற்கும் பெரிய மருதமரம்.

"மாமி, கடைசியா எப்ப வயலுக்குப் போன நீங்க?"

"கலியாணம் முடிச்ச புதுசில. ஏன்?"

"வாங்க, இந்த மரத்தப் பாப்பம். மரம் இருந்தா நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

ஆட்டோ பறந்தது. ஆயிஷா உம்மா உறுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். வயலில் இறங்கியதும் அவருடைய புருஷன் சீனிமுகம்மது மாமா எங்களைக் கண்டார். கையிலிருந்த மண்வெட்டி நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"மருதமரம் எங்க?" என்று கேட்டார் ஆயிஷா உம்மா.

மாமா கையை நீட்டினார். ஆற்றின் நடுவில், தண்ணீருக்கு மேலே, கறுத்த அடிக்கட்டை ஒன்று தெரிந்தது. அதில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"முப்பத்திரெண்டு அடி," என்றார் மாமா மெதுவாக. "ஒவ்வொரு மாரி முடிஞ்சும் அளந்து பாத்த நான். போன வெள்ளத்துல மட்டும் ஆறடி."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார் ஆயிஷா உம்மா.

"சீதனமாத் தந்த காணிய ஆத்துக்குக் குடுத்திட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்ற?"

ஆயிஷா உம்மா வயல் வரம்பில் உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று இருபது. கையெழுத்துகளை வாங்கிப்போக ஜவாத்தும் பாக்கியராசாவும் பாதை முனையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

ஆயிஷா உம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனையத் தா, மகள். அந்த முப்பத்திரெண்டு அடியும் என்னைக் கேக்காமப் போனது. இந்தப் பத்தடி நானாக் குடுக்கிறது." கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பாக்கியராசாவைப் பார்த்தார். "முதல் மருதங்கண்டு இந்த முடக்குலதான் நடணும், சேர். ஸப்னாட உறுதியில அதத்தான் கிழக்கெல்லையா எழுதப் போறன்."

"ஓம் அம்மா, உங்கட கையாலேயே நடுங்க," என்றார் பாக்கியராசா.

சீனிமுகம்மது மாமா உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குழி வெட்டத் தொடங்கினார்.

பாக்கியராசா கையெழுத்துகளை எண்ணினார். "பதினேழு. இன்னும் ஒண்டு குறையுதே, தங்கச்சி."

ஜவாத் சிரித்தபடி படிவத்தை என் முன்னால் நீட்டினார். "இந்தா, போடு."

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"என்ன முஸ்பிறா? மணி மூணு நாப்பது!"

"கேளுங்க."

"என்னத்தக் கேக்கிற?"

"மாமிட காணிய ஆறு கேக்காம எடுத்தது. என்ட காணியில நீங்க கேக்காமக் கையெழுத்துப் போட்ட. இப்ப கேளுங்க."

ஜவாத் பாக்கியராசாவைப் பார்த்தார். அவர் பேனையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மாமா குழி வெட்டுவதை நிறுத்தினார். ஜவாத்துக்குக் காது சிவந்துவிட்டது. எங்கள் நிக்காஹ் அன்றுகூட என் சம்மதத்தைக் கேட்டு அறைக்குள் வந்தவர் என் வாப்பாதான். பன்னிரண்டு வருடத்தில் ஜவாத் என் முகத்தைப் பார்த்து ஒன்றுக்கும் சம்மதம் கேட்டதில்லை.

"முஸ்பிறா," என்றார் கடைசியில். "உன்ட காணியில பத்தடி ஆத்துக்குத் தருவியா?"

"ஓம்," என்றேன். பேனையை வாங்கிப் பதினெட்டாவது கையெழுத்தைப் போட்டேன்.